குடலில் இல்லாத கிருமி

காலையில் வந்த ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டரையே தூக்கிவாரிப்போட்டது. அண்ணன் துணையிருக்க ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்த தம்பிக்கு ராத்திரியிலிருந்து நெருப்பாய்க் காய்ச்சல். காரணமான கிருமியோ, வயிற்றுக்கு நல்லதென்று மருந்துக்கடையில் கேப்சூலாக விற்கிற சாது. எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லாத உடம்பில் அந்தச் சாதுவே எமன்.

"யார் குடுத்தா?" என்றாள் கிருமி அக்கா. தொற்றுத் தடுப்பு நர்ஸுக்கு வார்டு வைத்த பெயர் அது.

அண்ணன் யோசிக்கவே இல்லை. தம்பி மனைவியைக் கைகாட்டினார். "வேற யாரு? இவதான்! குடல் கிருமி நல்லா இருந்தா புற்றுநோய் மருந்தும் நல்லா வேலை செய்யலாம்னு ஆராய்ச்சி நடக்குதாம். டாக்டர் வாயிலேர்ந்து வந்ததுதான் தாமதம், டப்பா வாங்கிட்டு வந்துட்டா."

"டாக்டர் கூடாதுன்னதும் உங்ககிட்டயே குடுத்துட்டேனே மாமா!"

"நடிக்காதம்மா. திருட்டுத்தனமா எத்தனை ஊட்டினியோ!"

அவளை வெளியே உட்காரவைத்தார்கள். அண்ணன் வழக்கம்போல் தம்பி அருகில் அமர்ந்து, நெஞ்சில் மருந்து ஏறும் குழாயைச் சிக்கெடுத்துவிட்டார்.

மதியம் கிருமி அக்கா திரும்பினாள்.

"அந்த டப்பா எங்க சார்?"

"என்கிட்ட. வீணாப் போகுமேன்னு நானே சாப்பிடறேன். எலும்பு மஜ்ஜை குடுக்கப்போறவன் நான், என் வயிறும் நல்லா இருக்கட்டுமே!"

"முழுங்குவீங்களா?"

"தொண்டையில சிக்கும். உடைச்சு, பொடியைத் தண்ணியில கலக்கிக் குடிப்பேன்."

"எங்க வெச்சு?"

"இங்கதான். இவன் பக்கத்துல."

"கை கழுவுவீங்களா?"

அண்ணன் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க தம்பி அதைச் சாப்பிட்டிருந்தா மலத்துலயும் அந்தக் கிருமி இருக்கணும். குடல் கிருமி ஆராய்ச்சிக்குன்னு இவர்கிட்டேர்ந்து எடுத்த மலத்துல தேடிப் பார்த்தாச்சு, சுத்தமா இல்ல. குடல் வழியா வரல சார். குழாய் வழியா நேரா ரத்தத்துக்குப் போயிருக்கு. இவர் மனைவி அந்தக் குழாயைத் தொடவே நடுங்குவாங்க. பொடி ஒட்டின கையால தொட்டது நீங்க."

அண்ணன் தம்பியின் பக்கம் திரும்பினார். "பொழைச்சுப்பானா?"

"குழாயை மாத்திட்டோம். காய்ச்சல் இறங்கினாத்தான் மஜ்ஜை மாற்றமே."

வெளியே பெஞ்சில் தம்பி மனைவி அழுது ஓய்ந்திருந்தாள். அண்ணன் அவள் முன்னால் போய் நின்றார்.

"நான்தாம்மா செஞ்சேன். செஞ்சதும் இல்லாம, பழியை உன்மேல போட்டேன். பாவி நான். செருப்பால அடி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அடிக்கணும்போலத்தான் இருக்கு மாமா. ஆனா உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா அவருக்கு மஜ்ஜை குடுக்க வேற யாரு இருக்கா? போங்க. முதல்ல போய்ச் சாப்பிடுங்க."