உச்சியிலிருந்து வந்த மண்

புட்டியில் ஒன்றுமே விழவில்லை.

மதியம் வீட்டின் கீழ்த்தள ஆய்வறையில் அவள் புனலின் வலைமேல் மண்ணைக் கொட்டி, மேலே பல்பை எரியவிட்டிருந்தாள். சூடு தாங்காமல் மண்ணுக்குள் இருக்கும் நுண்பூச்சிகள் கீழே கீழே இறங்கி, வலை வழியே ஸ்பிரிட் புட்டிக்குள் விழும், பிறகு எண்ணலாம். இத்தனை வருட வேலையில் ஒருமுறைகூட இது பொய்த்ததில்லை. இன்று புட்டி வைத்தது வைத்தபடி தெளிவாக இருந்தது.

மலையுச்சியில் மண் தோண்டி அனுப்பிய கணவனுக்கு ஃபோன் போட்டாள்.

"அதுங்க இறங்கிப் பழகல," என்று சிரித்தான். "வெயில் ஏற ஏற, அடிவாரத்துலேருந்து வருஷா வருஷம் மேல ஏறிட்டே வந்ததுங்க. இப்ப உச்சிக்கே வந்தாச்சு. இனி எங்க போகும், பாவம்?"

சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டே பல்பை இன்னும் தாழ்த்திவிட்டு மாடிக்குப் போனாள். காலையிலிருந்து மகளுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணியைப் போட்டு, அவள் கண்ணயரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கீழே வந்தபோது ஆய்வறையில் மழை பெய்து ஓய்ந்த வாசனை. வெளியே மழை இல்லை. பல்பு வெளிச்சத்தில் வலை, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. மண் இல்லை. புட்டியிலும் இல்லை, தரையிலும் இல்லை. யாராவது எடுத்துக் கொட்டியிருப்பார்களோ என்று நினைத்தாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது, காகிதத்தை விரல்நுனியால் வருடுவதுபோல, நிற்காமல், சுவரிலா கூரைப் பலகையிலா என்று பிரித்தறிய முடியாமல், தலைக்கு மேலே எங்கோ.

சுவரில் ஓர் ஈரக்கோடு. விரல் தடிமன். கூரையை எட்டி, மரப்பலகைகளின் இடுக்கில் மறைந்தது.

பலகைகளுக்கு மேலேதான் மகளின் கட்டில்.

ஓடினாள். படியில் வழுக்கினாள். கதவைத் தள்ளினாள்.

மகள் விழித்துப் படுத்திருந்தாள். முகத்தில் சிரிப்பு. அம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள், ஜில்லென்று இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. காய்ச்சல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

"இப்ப சுடவே இல்லம்மா. உள்ள எல்லாம் குளுகுளுன்னு இருக்கு."

நெற்றித் துணி கறுத்திருந்தது. அதை எடுக்கக் கை நீட்டினாள்.

"எடுக்காதம்மா," என்றாள் மகள், சிரிப்பு மாறாமல். "அதுங்களுக்குச் சுடும்."

தலையை அம்மா பக்கம் திருப்பினாள். அவள் காதுக்குள், பூந்தொட்டியில் அமுக்கி நிரப்பியதுபோல, விளிம்புவரை மண். ஈரமாக. மெல்ல அசைந்துகொண்டு.