பாரின் சத்தம்

புயலுக்கு முன் தீவைக் காலிசெய்ய வந்த கப்பல் மூன்றாவது முறையும் ஊதிவிட்டது. நான்கு மணிக்குக் கிளம்பிவிடும். விடுதி விருந்தினர்கள் காலையிலேயே ஏறிவிட்டார்கள். தீவுக்காரர்கள் மட்டும் கரையை விட்டு அசையவில்லை. படகுகளின் தலைவன் மொராயிஸ் இன்னும் காதுகொடுத்து முடிக்கவில்லை.

கடலுக்குப் போகுமுன் அவர்கள் செய்வது அதுதான். கண்ணை மூடி நின்று, தெற்குப் பாரில், அதாவது பவளப்பாறையில், அலை உடையும் சத்தத்தைக் கேட்பார்கள். குமுறினால் வெளிக்கடல் பொங்குகிறது. சீராக இரைந்தால் பயமில்லை.

"சீராத்தான் இருக்கு. வானிலைக்காரன் வாய்க்கு வந்ததச் சொல்லுதான்," என்றான் மொராயிஸ். "இது சூரை மீனு பிடிக்கப் போற கடல். ஓடிப்போற கடல் இல்ல."

அவன் மனைவி ரெக்ஸ்லின் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். விடுதியின் ஒலிப்பொறிகளைப் பராமரிப்பவள் அவள்.

தீவைச் சுற்றிய பார் முழுவதும் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. மீன்களை வரவழைக்க விடுதிக்காரர்கள் கடலடியில் நட்ட அழைப்பொலிப்பான்கள், உயிருள்ள பாரின் படபடப்பை ஓயாமல் ஒலித்தன. அதை நம்பி ஆழ்கடலிலிருந்து மீன்குஞ்சுகள் வந்தன. பயணிகள் முக்குளிக்கும் முகமூடி மாட்டிக்கொண்டு ரசித்தார்கள். வெறும் சுண்ணாம்பில் தீனி தேடி, ஒரு வாரத்தில் குஞ்சுகள் செத்தன. அடுத்த கூட்டம் வந்தது. இது எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது ஒன்று இருந்தது. படகு போகாத தெற்குப் பார் போன மாதம் நொறுங்கி அமிழ்ந்தது. அலை அங்கே உடைவது நின்றது. கரை அமைதியானதும் விருந்தினர்களுக்குத் தூக்கம் வரவில்லை. விடுதிக்காரர்கள் தென்னை உச்சிகளில் ஒலிபெருக்கிகளை ஒளித்துவைத்து, பழைய அலைச்சத்தத்தின் பதிவை ஓடவிட்டார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று ரெக்ஸ்லின் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"அது பார் இல்லங்க. ஒலிபெருக்கி," என்றாள் ரெக்ஸ்லின்.

"ஏட்டி, எனக்கே கடலச் சொல்லித் தாறியா?"

"மதினிக்குக் கப்பல்ல போவ ஆச வந்துட்டு," என்றான் அவன் தம்பி செலஸ்டின். கூட்டம் சிரித்தது.

ரெக்ஸ்லின் கரையோரப் பொறிக்கொட்டகைக்குள் போய் விசையை இறக்கினாள்.

சத்தம் பாதி அலையில் அறுந்தது. சிரிப்பும் நின்றது. தெற்கே எதுவும் உடையவில்லை. நீர் மட்டும் நுரையே இல்லாமல் மணலில் ஏறிக்கொண்டிருந்தது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இதுதாங்க நெசம். அலையத் தடுக்க அங்க ஒண்ணுமே இல்ல. வாங்க, கப்பல் நிக்கி."

மொராயிஸ் தெற்கே பார்த்தபடி நின்றான்.

"போடு," என்றான்.

"எத?"

"அந்தச் சத்தத்தப் போட்டுத் தொல! அது இல்லாம மூள ஓட மாட்டேங்கு."

செலஸ்டின் கொட்டகைக்குள் ஓடி, அவளைத் தள்ளிவிட்டு விசையை ஏற்றினான். ஒலியைக் கூட்டும் திருகை முழுவதும் திருப்பினான். பார் மறுபடி இரைந்தது. எல்லோர் தோளும் தளர்ந்தது. மொராயிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாத்தியா? சீராத்தான் இருக்கு."

நான்காவது ஊதல் யாருக்கும் கேட்கவில்லை. கப்பல் முகம் திருப்புவதைப் பார்த்துத்தான் ரெக்ஸ்லினுக்குத் தெரிந்தது. கொட்டகை வாசலில் நின்ற அவள் கணுக்காலை நீர் தொட்டது.