கனி பாய் கடையில் காணாமல் போன சவுண்ட் சிப்

செவ்வாய், காலை 11.10.

சாக்கெட் காலி.

எண்பதுகளில் டிவியோடு மாட்டிப் பிள்ளைகள் விளையாடிய பழைய ஹோம் கம்ப்யூட்டர் ஒன்று, மூடி கழற்றி மேசைமேல் கிடந்தது. சவுண்ட் சிப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைகள். அந்தச் சிப்பை இப்போது உலகத்தில் எவனும் செய்வதில்லை. மாசக்கணக்கில் தேடி, ஜெர்மனியில் யாரோ ஒரு புண்ணியவானிடம் கெஞ்சி வரவழைத்தவர் கடைக்காரர் அப்துல் கனி. கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் விஜயன். பன்னிரண்டு மணிக்கு எடுத்துப்போக வருகிறார்.

"உங்க ஆளு கைவரிசைதான் மேடம்," என்றார் கனி பாய். "விஜயன் வந்ததும் ரெண்டு பேருமா ஸ்டேஷனுக்குப் போயி ரிப்போர்ட் குடுக்கப் போறோம்."

அமுதவள்ளி போலீஸ் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். கைப்பேசிக் கடையில் கைவைத்த சுகுமாறனைப் பிடித்து உள்ளே தள்ளியவளும் அவள்தான், அவன் வெளியே வந்ததும் 'நான் பொறுப்பு பாய்' என்று இந்த பிரிக்பீல்ட்ஸ் மாடிக்கடையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். இன்னொரு தடவை கேஸ் விழுந்தால் அவன் பிழைப்பு அவ்வளவுதான். அவன் போன் பண்ணிய அடுத்த நிமிஷம் செலாயாங்கிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் ஜாமைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

சுகுமாறன் மூலையில் கேபிள் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"எடுத்தியாடா?"

"இல்ல மேடம்."

"எந்திரி. பாக்கெட்டக் காட்டு."

எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துவிட்டான். ஒன்றுமில்லை. அப்படியே, இழுத்த பாக்கெட்டோடு மறுபடி உட்கார்ந்தான்.

அமுதவள்ளிக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அந்தச் சின்னக் கடையில் நாலு எட்டு வைத்துத் திரும்பினாள். சாம்பிராணி வாசம் மூக்கை அடைத்தது. மேசையில் மற்ற சிப்புகள் அலுமினியத் தாளில் குத்திவைத்தபடி பத்திரமாக இருந்தன. ஜன்னல் ஆணியில் பாயின் பொட்டலம் டீ, பிளாஸ்டிக் பையின் வாயைக் கட்டிய சிவப்பு ராஃபியா நாடாக் கயிற்றில் தொங்கியது. அலமாரியில் பழைய அடாப்டர்கள் வரிசையாக, சிலவற்றின் கழுத்தில் அதே மாதிரி சிவப்புக் கயிறு.

"அது என்ன பாய், கயிறு கட்டி வச்சிருக்கீங்க?"

பதில் சொன்னது சுகுமாறன். "கெட்டுப்போன அடாப்டர் மேடம். அஞ்சு வோல்ட் போவ வேண்டிய எடத்துல ஒம்போது போவும். மாட்டுனா சிப்பு வெந்துரும். பாக்கறதுக்கு நல்லதும் கெட்டதும் ஒண்ணுபோல இருக்கும்லா, அதான் கயிறு."

"காலையில நீ என்ன பண்ண, வரிசையாச் சொல்லு."

"கடையத் தொறந்தேன். கீழ போயி பாய்க்கு டீ வாங்கிட்டு வந்து குடுத்தேன். பெறவு கிள்ளான் கஸ்டமருக்குக் கேபிள் பார்சல் போட போஸ் ஆபிஸ் போனேன். திரும்பி வந்தா பாய் சிப்பக் காணோம்னு கத்துறாரு."

"நீங்க பாய்?"

"நான் பாத்ரூம் போனேன். அப்ப இவன் தனியா இருந்தான். வேற யாரு எடுப்பா?"

"போஸ் ஆபிஸ் போறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி," என்றார் கனி பாய். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னார்.

அப்படியென்றால் திருடிக்கொண்டு வெளியே போய் எங்கேயோ கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். 'படுபாவி, உண்மையாவே எடுத்துட்டானோ?'  ஆனால் எடுக்கிறவன் தாளில் குத்தியிருக்கும் மற்றதையும் அள்ளியிருக்க மாட்டானா? இருப்புக் கொள்ளாமல் கீழே இறங்கினாள்.

11.35.

டீக்கடைக்காரர் பொட்டலத்தின் வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். பிடிக்க வாகில்லை. விரல் சுட்டது.

"கயிறு போட மாட்டீங்களாண்ணே? எப்புடித் தூக்குறது?"

"தீந்துபோச்சுக்கா. காலையில கட தொறந்ததுலேர்ந்து எல்லாருக்கும் ரப்பர் பேண்ட்தான்."

இரண்டு படி ஏறியவள் சட்டென்று நின்றாள். பொட்டலம் ஒரு கை, படிக்கட்டுக் கம்பி ஒரு கை. மீதிப் படிகளை ஓட்டமாக ஏறினாள்.

12.00.

விஜயன் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு முகம் கறுத்துப்போனது. கையில் இன்னொரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார்.

"இதாவது ஓடுதான்னு பாக்கலாம்னு கொண்டாந்தேன். இப்ப அதுக்கும் மனசு இல்ல."

"பாப்போமே," என்றாள் அமுதவள்ளி. மேசைக்கு அடியில், மேலே வந்ததும் அவள் தேடிப் பார்த்துவைத்த கயிறு கட்டாத அடாப்டர் ஒன்று கிடந்தது. அதை எடுத்து விஜயனின் மிஷினில் செருகி, சுவிட்சில் விரலை வைத்தாள்.

"ஐயையோ! அத போடாதீங்க!" கனி பாய் பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கினார்.

அமுதவள்ளி சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள்.

"ஏன் பாய்? கயிறு இல்லியே. நல்லதுதானே?"

பாய் வயரைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். 

"இதோட கயிறு எங்க இருக்குன்னு நான் சொல்றேன்." ஜன்னலைக் காட்டினாள். "உங்க டீயில தொங்குது. கீழ காலையிலேர்ந்தே கயிறு கெடையாது. சுகு ரப்பர் பேண்ட் போட்ட பொட்டலத்தத்தான் கொண்டாந்திருக்கான். வேல செய்ய ரெண்டு கையும் வேணும், டீய மாட்டணும். பக்கத்துல இருந்த அடாப்டர்லேர்ந்து கயித்த அவுத்துக் கட்டுனீங்க. சுகு போஸ் ஆபிஸ் போனான். நீங்க சிப்ப மாட்டி ஓட்டிப் பாக்க அடாப்டரத் தேடுனீங்க. கயிறு இல்லாத ஒண்ணு கையில வந்துச்சு."

"மேடம், சும்மா வாய்க்கு வந்தத..."

"அப்ப சாம்பிராணி எதுக்கு?"

விஜயன் குழம்பினார். "செவ்வாக்கெழம சாம்பிராணி போடுறதுல என்னங்க இருக்கு?"

"நம்ம வீட்டுல செவ்வாயும் வெள்ளியும் போடுவோம். அதனாலதான் எனக்கும் மொதல்ல உறைக்கல. பாய் கடையில வியாழக்கெழம அந்தியிலதான் போடுவாங்க. சுகுவப் பாக்க வர்ற வியாழனெல்லாம் எனக்குக் கண்ணு எரியும். வேற ஒரு நாள்ல போட்டு நான் பாத்ததே இல்ல. இன்னிக்குப் போட்டது, சிப்பு கருகுன நாத்தம் சுகு மூக்குக்குப் போயிரக் கூடாதுன்னு."

கனி பாய் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கறுப்புச் சிப், நடுவில் கொப்புளம்.

"தூக்கிப் போட மனசு வரல," என்றார்.

விஜயனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வெந்துபோச்சுன்னு சொல்லியிருந்தா நல்லாத் திட்டியிருப்பேன் பாய். அவ்ளோதானே? மறுபடி தேடியிருப்போம்லா."

"கனி பாய் கை பட்டா செத்த மிஷினும் பாடும்னு கிள்ளான் வரைக்கும் சொல்றாங்க. அந்தப் பேரு போயிருமேன்னு..."

"அந்தப் பேருக்கு இவன் உள்ள போவணுமா?" என்றாள் அமுதவள்ளி.

சுகுமாறன் எழுந்தான். வெளியே தொங்கிய பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான். ஜன்னல் ஆணியிலிருந்து டீயை எடுத்துக் கயிற்றை அவிழ்த்தான். பொட்டலத்தைப் பாய் முன்னால் வைத்துவிட்டு, கயிற்றை அந்த அடாப்டரின் கழுத்தில் இறுக்கிக் கட்டினான். கடைச் சாவியைப் பக்கத்தில் வைத்தான்.

"சுகு, என்னை மன்னிச்சிருடா தம்பி," என்றார் பாய்.

அவன் படிக்கட்டில் இறங்கினான். அமுதவள்ளி பின்னாலேயே ஓடினாள்.

"வா, சாப்புடலாம். வேற வேல நான் பாத்துத் தரேன்."

படிக்கட்டு நடுவில் நின்று திரும்பினான். "மேடம், மேல வந்ததும் மொத கேள்வி என்னைத்தான் கேட்டீங்க."

ஏதேதோ சமாதானம் நாக்குவரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"ஆமாடா," என்றாள். "உன் பாக்கெட்டத்தான் பாத்தேன். அவரு பாக்கெட்டப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."