பதினெட்டாவது அடி

பதினைந்தடி தாண்டியதும் மணல் காய்ந்து வந்தது.

கிணறு வெட்டுகிறவன் முதலில் நம்பவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பத்தடியில் ஈரம் தட்டியிருந்தது, பன்னிரண்டில் கால் சில்லென்றது. அதற்கும் கீழே ஊற்றுதான் வர வேண்டும். வந்ததோ அடுப்புச் சாம்பல்போலப் பொலபொலவென்று உதிரும் மணல். சிமெண்ட் உறைக்குள் குந்தியிருந்தவன் ஒரு பிடி அள்ளி முகர்ந்தான். மண்வாசனை இல்லை. நாள்கணக்கில் சாத்திக் கிடந்த அறையின் வாசனை. ஈரத்துணி, மண்ணெண்ணெய்ப் புகை, தூங்கியெழுந்த பிள்ளைகளின் வாய்.

"மாமா, கூடைய அனுப்புறீங்களா, இல்ல அந்தப் பக்கமா வெளிநாட்டுக்குக் கிளம்பிட்டீங்களா?" மேலே ராட்டினம் சுற்றும் மச்சினன் கத்தினான்.

"வாய மூடிட்டு இழுடா."

நிறுத்த முடியாது. ஒன்பது மாத வயிற்றோடு பெண்டாட்டி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடக்கிறாள். நேற்று வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுப்பிக் கூட்டிவர இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிள்ளை பிறப்பதற்குள் வாசலில் தண்ணீர் வேண்டும். இந்த ஊரில் யாரும் ஆழமாகத் தோண்டுவதில்லை என்று சொன்னார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டான்.

புயல் மூன்று முறை இந்த ஊரை அடித்துப் போட்டிருக்கிறது. மூன்று முறையும் கடல் உள்ளே வந்து, திரும்பும்போது கூரைக்கு மேலே மணலை விட்டுவிட்டுப் போனது. மிஞ்சியவர்களுக்குத் தோண்டிப் பார்க்கத் தெம்பில்லை. மணலை மட்டம் தட்டி அதன்மேலேயே வீடு கட்டினார்கள். கடைசிப் புயலுக்கு நாற்பது வருடம் ஆகிறது. கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவனுக்கு அது யாரோ சொன்ன கதை.

பதினெட்டாவது அடியில் கடப்பாரை ஓட்டில் மோதியது.

மணலை விலக்கினான். வரிசை குலையாத கூரை ஓடுகள். ஒன்று உடைந்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்குள் மணல் சரிந்து, எங்கோ கீழே, சரசரவென்று தரையில் விழுந்தது.

பிறகு யாரோ அதைப் பெருக்கினார்கள்.

துடைப்பத்தின் சத்தம். நிதானமாக. மூலை வரைக்கும்.

"புயல் விட்டுடுச்சா?"

பெண் குரல். பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல அத்தனை சாதாரணமாக. யோசிப்பதற்குள் அவன் வாய் பதில் சொல்லிவிட்டது.

"விட்டுடுச்சு."

"நின்னதும் வந்து சொல்றேன்னு போனீங்க. இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்." சலிப்போடு ஒரு பெருமூச்சு. "பிள்ளைங்களா, எந்திரிங்க. விட்டுடுச்சாம்."

கீழே பாய்கள் சுருட்டப்பட்டன.

ஆளைத் தூக்க வேண்டுமென்றால் கயிற்றை இரண்டு முறை சுண்டுவது வழக்கம். சுண்டினான். மீண்டும் சுண்டினான். ஆள் உட்கார்ந்து ஏறும் பலகை ஆடி ஆடி இறங்கியது. உட்காரப் போனான். ஈரத் தலைமுடி கன்னத்தில் உரசியது.

பலகையில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

அது மேலே போனது. தலைக்கு மேல் இரண்டு பாதங்கள். ஊறி வெளுத்தவை. சொட்டிய நீர் உதட்டில் விழுந்தது. உப்பு.

"மாமா, கயிறெல்லாம் ஈரம்! தண்ணி வந்துடுச்சா? அக்கா, ஓடி வா, தண்ணி!"

"அது நான் இல்லடா! கயிற விடு! விடுடா!"

குரல் உறைக்குள்ளேயே சுற்றி அவனிடமே திரும்பியது.

ராட்டினம் நின்றது. மச்சினனின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

மேலே மத்தியான வானம், ஒரு தட்டளவு. காலடிச் சத்தம். பெண்டாட்டியுடையது. பாரம் சுமந்து, அழுந்த அழுந்த நடக்கும் நடை.

"எத்தனை மாசம்மா?" அந்தக் குரல் இப்போது மேலே கேட்டது.

"இது ஒம்பது," என்றாள் அவன் பெண்டாட்டி. பயமே இல்லாமல்.

"ஐயோ, வெளியில நிக்கிறியே. விட்டுடுச்சுன்னு நம்பாத. திரும்பி அடிக்கும். உள்ள வந்துடு."

"வராத!" என்று கத்தினான். "வராத, வராத!"

ராட்டினம் மெல்லச் சுழன்றது. யார் சுற்றுகிறார்கள்?

வானம் மறைந்தது. பலகை இறங்கியது. வயிற்றை இரு கைகளாலும் பிடித்தபடி, கண்ணை மூடி, அவள்.

அவனுடைய காலுக்குக் கீழே ஓடுகள் ஒவ்வொன்றாக விலகின. திறந்த இருட்டிலிருந்து சின்னச் சின்னக் கைகள், அவளைப் பத்திரமாக இறக்கிக்கொள்ள, உயர்ந்து நின்றன.