கிளம்பத் தயாரான மனம்

“சாம்பார்ல உப்பு போடாத. அவர் பேச வந்தா மூஞ்சியத் திருப்பிக்கோ. உன் வீட்டுக்காரர் சுபேதார் ஆகலன்னா அப்புறம் என்னக் கேளு” என்றாள் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா.

“பாவம்க்கா அவரு.”

“பாவம் பாத்தா பென்ஷன் வராதுடி.”

சில வருடங்களுக்கு முந்தைய அந்தப் பேச்சு தாமரைச்செல்விக்கு இன்னும் மறக்கவில்லை.

காட்பாடியின் அந்தப் படைவீரர் குடியிருப்பில் ஆண்கள் எல்லோர் மணிக்கட்டிலும் ஆயத்தமானி என்ற கருவி இருந்தது. காத்திருப்புப் படைக்கு மாறியவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். அந்தக் காலமும் ஓய்வூதியத்துக்கும் பதவி உயர்வுக்கும் சேரும். ஆனால் கூப்பிட்டால் கிளம்பும் மனம் வேண்டும். நாடியையும் உறக்கத்தையும் வைத்து அந்த மனத்தை அளந்தது ஆயத்தமானி. பச்சை எரிந்தால் அது பணிநாள். வீட்டோடு மனம் ஒட்டிக்கொண்டால் மஞ்சள் எரியும். அந்த நாள் கணக்கில் வராது.

செல்வியின் கணவன் ஹவில்தார் இளம்பரிதிக்கு எப்போதும் மஞ்சள்தான். மனைவி கோலம் போடுவதைப் பார்த்தாலே மஞ்சள்.

அவனுடைய உயர்வுக்குத் தானே தடையாக இருக்கிறோமோ என்று செல்வி பயந்தாள். உப்பில்லாத சாம்பாரை அவன், “பி.பி.க்கு நல்லது” என்று ரசித்துச் சாப்பிட்டான். பிறகு அவள் பேச்சைக் குறைத்தாள். அது பலித்தது. பச்சை எரியத் தொடங்கியது.

நேற்று சுபேதார் உத்தரவு வந்தது. ரோஸ்லின் அக்கா லட்டு கேட்டு வாங்கிப் போனாள்.

இன்று காலை இன்னொரு உத்தரவு. எல்லைக்கு ஆள் வேண்டும். விடாமல் பச்சை எரிந்தவர்கள் முதலில் கிளம்ப வேண்டும். மாலைக்குள் மஞ்சளுக்கு மாறினால் அழைப்பு ரத்து. பதவி உயர்வும் ரத்து.

இளம்பரிதி பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் பச்சை.

“ஸ்வெட்டர் வச்சிட்டீங்களா?” என்றாள் செல்வி.

“வச்சிட்டேன். உனக்குச் சந்தோசம்தானே, சுபேதார் சம்சாரம்?”

“எனக்கென்ன? நீங்கதானே ஆசப்பட்டீங்க.”

அவன் நிமிர்ந்தான். “நானா? ரோஸ்லின் அக்கா பேசினா தெருமுனை வரைக்கும் கேக்கும், செல்வி. உப்பு விஷயம் அன்னைக்கே தெரியும். நான் கிளம்பினாதான் உனக்குப் பெருமைன்னு நெனச்சேன். அதான் மனச அதுக்குப் பழக்கிட்டேன்.”

செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்காக ஒருவர் உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். வெளியே அவனை அழைத்துப் போக வந்த ஜீப்பின் சத்தம் கேட்டது.

அவள் பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தாள்.

“போகாதீங்க” என்றாள். “ஹவில்தாராவே இருங்க. என்கூடவே இருங்க.”