காலி லிஃப்டின் எடை

காலையிலிருந்து காலி லிஃப்ட் ஒரே விஷயத்தையே சொல்லிக்கொண்டிருந்தது: ‘உள்ளே ஆள் இருக்கிறார். நகர முடியாது.’ உள்ளே யாரும் இல்லை. துடைத்த இரும்பின் வாசனைக்கு அடியில், நாள்பட்ட ஈரத்துணியின் வாடை மட்டும் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. கட்டடத்தின் சொந்தக்காரரே லிஃப்டை ஓட்டும் நிரலையும் எழுதியிருந்தார். எடைக்கருவியை, ஒயர்களை எல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டார். பழுதே இல்லை.

“உங்க லிஃப்ட் பொய் சொல்லாதுன்னு நீங்கதானேப்பா மார்தட்டுவீங்க?” என்றாள் மகள்.

“சும்மா இரு. இன்னிக்கு வர்ற சம்பந்தியம்மாவுக்கு முட்டிவலி. எட்டு மாடி ஏற வச்சா, இந்த வீட்லயா பொண்ணெடுக்கணும்னு யோசிக்க மாட்டாங்க?”

லேப்டாப்பை லிஃப்ட் வாசலிலேயே விரித்து, நிரலில் ஒரு வரி சேர்த்தார்: எந்த எச்சரிக்கையையும் காட்டாதே, எதற்கும் நிற்காதே. லிஃப்ட் வாயடைத்துப்போனது.

“நானே கீழ போய்க் கூட்டிட்டு வர்றேன். உள்ள ஆள் இருந்தா பேச்சுத்துணையாச்சு!” சிரித்துக்கொண்டே ஏறினாள். கதவு மூடியது.

ஐந்தாம் மாடியில் எண் நின்றது. நகரவே இல்லை. கம்பி முனகும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

போன் அடித்தது. “சம்பந்தி, கீழதான் நிக்கிறோம். லிஃப்ட் வரலையே?”

“பொண்ணு கிளம்பிட்டா. இதோ வந்துடுவா.”

மகளின் எண்ணை அழுத்தினார். லிஃப்ட் குழிக்குள் எங்கோ ஆழத்தில் மணி ஒலித்தது. கட்டடத்துக்கு இல்லாத ஆழம். எடுக்கவில்லை.

நிரலில் சேர்த்த அந்த வரியை அழித்தார். அவர் அடக்கியது பேச்சை மட்டும்தான். லிஃப்ட் பார்ப்பதை நிறுத்தவில்லை. தேங்கி நின்றவை வரிசையாகத் திரையில் விழுந்தன.

‘உள்ளே இருவர்.’

‘கதவு உள்ளிருந்து தட்டப்படுகிறது.’

‘கதவு உள்ளிருந்து தட்டப்படுகிறது.’

‘எடை குறைகிறது.’

‘எடை குறைகிறது.’

“கண்ணு! அப்பா இங்கதாம்மா இருக்கேன்!” மூடிய கதவை இரு கையாலும் அறைந்தார். கீழே சம்பந்தி வீட்டாருக்குக் கேட்கும். கேட்கட்டும்.

லிஃப்ட் மேலே வந்தது. கதவு திறந்தது.

யாரும் இல்லை.

கதவு மூடப் போனது. நடுவில் யாரோ விரல் கொடுத்ததுபோல நின்றது. திறந்தது. மறுபடி மூடப் போனது. நின்றது.

அந்த இடைவெளியில் கையை நீட்டினார். எதுவும் தட்டுப்படவில்லை. குளிர் மட்டும், அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டது.