நிமிடத்துக்கு ஒரு கூப்பாடு

மெயில் வந்ததற்கான மணி அடித்தது, மெயில் வரவில்லை.

சரிதா மீன் அலசிக்கொண்டிருந்த ஈரக் கையோடு ஓடிவந்து கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். அதே சின்ன மணிதான், காதுக்குப் பழகிப்போன ஒலி, தப்பாகக் கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் திரையில் எத்திராஜின் பழைய மெயில்தான் மேலே இருந்தது, போன மாதம் வந்தது. மெஷின் என்றால் எப்போதாவது இப்படி உளறத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள். ஆனாலும் பாதி வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

எத்திராஜ் அவள் புருஷன், சரக்குக் கப்பலில் இன்ஜின் பக்கம் வேலை. கப்பலில் எல்லாருக்குமாக ஒரே ஒரு கம்ப்யூட்டர். வாரம் தவறாமல் அதிலிருந்து இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்பிவிடுவான். முதல் வரி எப்போதும் 'பாப்பா சாப்ட்டுச்சா' என்றுதான் இருக்கும். மூன்றரை வயசுப் பிள்ளையை அவன் தூக்கிக் கொஞ்சியதே சில மாதங்கள்தான். அந்தக் கடைசி மெயிலுக்குப் பிறகு அவன் கப்பல் போன திசையில் புயல் என்று டிவியில் சொன்னார்கள். அதன் பிறகு ஒரு எழுத்துகூட வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் 'தகவல் வந்தா சொல்றோம்மா' என்றார்கள். உயிரோடு இருக்கிறானா இல்லையா, அந்த ஒரு கேள்விதான் அவளுக்கு அப்போது சோறும் தூக்கமும்.

அதனால்தான் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தாவீதை வீட்டுக்கே வரவழைத்தாள். மெயில் புரோகிராமில் ஒரு கட்டத்தில் டிக் வைத்தால் இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை அதுவே போய் மெயில் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் என்றான் அவன்.

"அரை மணிக்கு ஒரு வாட்டி வெச்சா போதும்க்கா. ஒவ்வொரு வாட்டியும் அதுவே போன் லைனைப் புடிச்சு டயல் பண்ணும். அந்த நேரத்துல யாராச்சும் உங்களுக்குப் போன் பண்ணா எங்கேஜ்னுதான் வரும்."

"அவரு போன்லாம் பண்றதில்ல. கம்மியா வை."

ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொடுத்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் சரிதா அந்த ஐந்தை அழித்து ஒன்று என்று போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? காத்திருக்கிறவளுக்கு ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று தாவீதுக்கு என்ன தெரியும்.

அன்றிலிருந்து, போன் லைனைப் பிடிக்கிற மோடம் பெட்டி வீட்டில் ஓயாமல் கத்தியது. டயல் ஒலி, அப்புறம் ஒரு கீச்சு, அப்புறம் மணலை வாரித் தகரத்தில் கொட்டுகிறது மாதிரி ஒரு இரைச்சல், கொஞ்சம் அமைதி, மறுபடியும் முதலிலிருந்து.

மாமியார் கிளியம்மாள் கோவளம் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்த அன்றைக்கு, கூடையை இறக்காமலே நின்று அதைக் கேட்டாள்.

"இன்னாமே அது, கூவிக்கினே கீது?"

"உங்க புள்ளைகிட்டேர்ந்து சேதி வந்துச்சான்னு பாக்குது அத்தை."

"அவனைக் கூப்புடுதா? எத்தினி தபா?"

"நிமிஷத்துக்கு ஒரு தபா."

கிளியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுமரத்தில் போனவன் திரும்பவில்லை என்றால் அவன் வீட்டுப் பெண் கரையில் நின்று கடலைப் பார்த்து மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அதற்கு மேல் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். நெஞ்சு வெடித்தாலும் சரி, நாலாவது கூப்பாடு கிடையாது.

"மூணு தபா அவனுக்குடி. அதுக்கு மேல கூப்புட்டா, கூப்புட ஆளில்லாம கடலுக்குள்ள கெடக்கறவங்க காதுல வுழும். எவன் எழுந்து வருவான்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பொட்டிய நிறுத்து."

சரிதா தலையை ஆட்டினாள். மாமியார் பஸ் ஏறியதும் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்ததோடு சரி.

அதற்கு அடுத்த நாள்தான் மெயில் இல்லாமல் மணி அடித்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, அவள் வீடு இருந்த புது லேஅவுட்டின் காலி மனைகளெல்லாம் தண்ணீரில் மிதந்து, தவளைகள் காதடைக்கக் கத்த, வீட்டுக்குள் விளக்குப் போட்டால்தான் கண் தெரியும் என்கிற இருட்டு. மழையில் ஊறிய வாசல் கதவு உப்பிப்போய் மேல் தாழ்ப்பாள் சேரவில்லை. கீழ்த் தாழ்ப்பாளை மட்டும் தள்ளியிருந்தாள்.

மறுபடி மணி. இந்தத் தடவை ஒரு மெயில் இருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. உள்ளே ஒரே சொல்.

'கூப்டியா'

சரிதாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். "பாப்பா, உங்கப்பாடி, உங்கப்பா" என்று பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு, பதில் அடித்தாள்: 'எங்க இருக்கீங்க, எப்ப வருவீங்க.'

மோடம் கத்தி ஓய்ந்தது. மணி.

'வழி சொல்லு'

நியாயம்தானே. அவன் கிளம்பும்போது இது வெறும் மனை, அஸ்திவாரம்கூடப் போடவில்லை. அவள் பொறுமையாக ஒவ்வொன்றாக எழுதினாள். ஜி.எஸ்.டி. ரோடு, ரயில்வே கேட், தண்ணி டாங்க், அதைத் தாண்டி ஒற்றைக் கரண்ட் கம்பம், கம்பத்துக்கு எதிரே பச்சைக் கதவு வீடு. கடைசியில் 'பாப்பாவும் உங்களைக் கூப்பிடுது' என்று சேர்த்து, அனுப்புகிற பட்டனைப் பாப்பாவின் விரலை வைத்தே அமுக்கினாள். அப்போதுதான் உறைத்தது. 'பாப்பா சாப்ட்டுச்சா' என்று அவன் கேட்கவே இல்லை.

மணி.

'பாப்பா கூப்டா வரேன்'

பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி திரையைப் பார்த்து, "அப்பா வா" என்றாள். "அப்பா வா. அப்பா வா." ஒரு மூச்சு விட்டாள். "அப்பா வா."

"போதும்டி" என்று சரிதா அவள் வாயைப் பொத்தினாள். ஏன் பொத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மணி அடித்தது. 'ரோடு.'

சரி, ரோட்டு மேலே பிரவுசிங் சென்டர் இருக்கிறது, பஸ்ஸைவிட்டு இறங்கி அங்கிருந்து அனுப்புகிறான், விளையாட்டுக் காட்டுகிறான். கல்யாணமான புதிதில்கூட இப்படித்தான், சொல்லாமல் வந்து பின்னால் நின்று கண்ணைப் பொத்துவான். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

'கேட்.'

கேட் பக்கத்தில் ஒரு டீக்கடைதான் உண்டு.

'தண்ணி டாங்க்.'

அங்கே டீக்கடையும் கிடையாது. முள்ளுச் செடி, நாலு நாய், கொட்டுகிற மழை. அங்கிருந்து எப்படி மெயில் அனுப்புவான்? எதிலிருந்து?

தூரத்தில் நாய்கள் குரைத்தன. சட்டென்று ஊளையாக மாறின. அப்புறம் அதுவும் இல்லை.

சரிதா, தாவீது காட்டிய கட்டத்தைத் திறந்து டிக்கை எடுத்தாள். ஓகே கொடுத்தாள். மோடம் டயல் செய்தது. மறுபடி திறந்தாள். டிக் இல்லை, எண்ணும் இல்லை. மோடம் டயல் செய்தது. கீச்சு, இரைச்சல். இப்போது அந்த இரைச்சல் மணலைப் போல இல்லை. அலையைப் போல இருந்தது. அதற்கு அடியில், ரொம்ப அடியில், பேச வாயெடுத்தவனின் மூச்சு.

மணி. 'கம்பம்.'

தவளைகள் நின்றுவிட்டன. அத்தனையும், ஒன்றாக.

ஜன்னலிடுக்கு வழியாக நாற்றம் வந்தது. கரையில் அடிக்கிற உப்பு வாடை இல்லை. வெயிலே படாத ஆழத்துச் சேற்றின் வாடை.

அவள் மேஜைக்கடியில் குனிந்து மோடத்திலிருந்து போன் ஒயரைப் பிடுங்கினாள். கத்தல் பாதியில் அறுந்தது. மனசில் வேறு யோசனை இல்லை. மாமியாரையோ தாவீதையோ யாரையாவது கூப்பிடவேண்டும், அவ்வளவுதான். ஒயரை டெலிபோனில் செருகினாள். செருகிய நொடியே போன் அடித்தது.

எடுத்தாள்.

"சரிதா? ஏய், நாலு நாளாப் போன் போட்டுக்கினே கீறேன். எப்பப் பாரு எங்கேஜு. யார்கிட்டதான் அப்பிடிப் பேசிக்கினு கீற?"

எத்திராஜ். அவனேதான். அந்தக் கரகரப்பு, அந்தக் கோபம்.

"எங்க... எங்க இருக்கீங்க?"

"கொழும்புல. கப்பல் ரிப்பேராயி நிக்குது. மெயில் போடற கம்ப்யூட்டர் புயல்லயே பூடுச்சு, ஒரு வரி எழுத முடியல. இங்க பூத்துலேர்ந்து பேசறேன். இன்னாச்சு, அழுவுறியா?"

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். இருக்கிறான். கொழும்பில் இருக்கிறான். கடலுக்கு அந்தப் பக்கம்.

அப்படியென்றால்.

வாசலில் கீழ்த் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. மடி காலியாக இருந்தது. பாப்பா எப்போது இறங்கினாள்?

"பாப்பா சாப்ட்டுச்சா?" என்றான் எத்திராஜ். "பாப்பாவாண்ட போனைக் குடு."

சரிதா திரும்பினாள்.

கதவு விரியத் திறந்திருந்தது. பாப்பா நிலைப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். அவளுடைய வலது கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது, பெரியவர்களின் விரலைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவாளே, அப்படி. அந்தக் கைக்கு மேலே ஒன்றும் இல்லை. மூடிய விரல்களிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்து முழங்கையில் சொட்டியது.

"போன்ல யாரும்மா?" என்று கேட்டாள் பாப்பா.

வாசலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாப்பாவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு மட்டும், மழை தரையில் விழவில்லை.

அந்த இடம் தெருப் பக்கமாக நகர்ந்தது. பாப்பாவின் கால் படி இறங்கியது.